போட்டோவுக்கு முந்தின சின்னப்பிள்ளை

வணக்கம் அண்ணே,

போன வாரம் சின்னப்பிள்ளை அம்மா பத்தி ரெண்டே ரெண்டு வரி எழுதிட்டு விட்டுட்டீங்க. வாஜ்பாய் அவங்க கால தொட்டுக் கும்புட்ட போட்டோவ நான் சின்ன வயசுல பாத்தது, இப்பவும் வாட்ஸப்ல சுத்திக்கிட்டேதான் இருக்கு. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலிக்காரம்மா இத்தன பொம்பளைங்கள சேமிப்புக் குழுவா ஒன்னு சேத்து எப்படிண்ணே நடத்துனாங்க? லட்சத்துல ஒருத்தருக்குத்தான அப்படி அமையும்? எங்க பெரியம்மாவும் நாப்பது வருஷமா காட்டு வேலைதான், இப்ப நூறு நாள் வேலைக்குப் போறாங்க, ஊர்ல எந்த வீட்ல துட்டி விழுந்தாலும் மொத ஆளா நிப்பாங்க. ஆனா அவங்களப் பத்திச் சொல்ல என்ன இருக்குன்னு யோசிச்சா ஒன்னும் தோண மாட்டேங்குது.

ஒரு வாசகி, திருமங்கலம்

---

வணக்கம்மா,

கோவிச்சுக்காத, உன் கடிதத்துல அந்த "எழுதப் படிக்கத் தெரியாத" இருக்கு பாரு, அங்கதான் எனக்கு இடிக்குது. அந்தம்மாவப் பத்தி யார் எழுதுனாலும் அங்கருந்துதான் ஆரம்பிக்கறாங்க, அப்புறம் நேரா 2001 ஜனவரிக்குத் தாவி டெல்லி, ஸ்த்ரீ சக்தி விருது, பிரதமர் குனியறார், போட்டோ, முடிஞ்சுச்சு. மதுரைக்குப் பக்கத்துல பில்லுச்சேரில அதுக்கு முன்னாடி அவங்க என்ன வேலை பாத்துக்கிட்டு இருந்தாங்கன்னு யாரும் நின்னு பாக்கறதில்ல.

கொத்துத் தலைவிம்மா அவங்க. நடவு, களையெடுப்பு, கதிரறுப்புன்னு எந்த வேலையா இருந்தாலும் ஆளுகளத் திரட்டிக் கூட்டிட்டுப் போகணும், நிலத்துக்காரர்கிட்ட கூலி பேசணும், சாயங்காலம் வந்த கூலிய சண்டை வராம பிரிக்கணும். இது என்னன்னு எனக்குக் கொஞ்சம் தெரியும், எங்க அப்பத்தாவும் அந்த வேலைதான் பாத்துச்சு. அப்பத்தா மடியில எப்பவும் ஒரு துணி முடிச்சு இருக்கும், உள்ள புளியங்கொட்டை. ஆளுக்கு ஒரு முழுக்கொட்டை, அரை நாள்ல வீட்டுக்குப் போனவளுக்கு உடைச்ச பாதி. சனிக்கிழம சாயங்காலம் திண்ணையில அதப் பரப்பி வச்சுத்தான் கணக்கு, நான் பக்கத்துல உக்காந்து பாதிக்கொட்டைகள தனியா பொறுக்கிக் குடுப்பேன்.

ஒரு வாரம், புள்ள பெத்து வீட்ல கெடந்த ஒருத்திக்கும் சேத்து அப்பத்தா ஒரு கொட்டைய வச்சுருச்சு. எதுக்க இருந்த அக்கா பாத்துட்டா. "ஏத்தா, போன வருஷம் எனக்கு காய்ச்சல் வந்தப்ப வச்சியா?"ன்னு கேட்டா பாரு, திண்ணையே அமைதியாயிருச்சு. அப்பத்தா கொஞ்ச நேரம் பேசாம இருந்துச்சு, அப்புறம் அந்தக் கொட்டைய எடுத்து மடியில போட்டுக்கிட்டு மிச்சத்த பிரிக்க ஆரம்பிச்சுருச்சு. தோத்துருச்சுன்னுதான் நான் நெனச்சேன். திங்கக்கிழம பாத்தா அந்தக் கேள்வி கேட்ட அக்காதான் மொத ஆளா வேலைக்கு வந்து நிக்கிறா.

இப்ப சொல்லு, பதினஞ்சு இருவது பொம்பளைங்க வட்டமா உக்காந்து மாசாமாசம் சீட்டு மாதிரி காசு போட்டு, இந்த மாசம் கடன் உனக்கா எனக்கான்னு அடிச்சுக்கிட்டு முடிவெடுக்கற ஒரு குழுவ நடத்தறதுக்கு இதவிட என்ன படிப்பு வேணும்? களஞ்சியம்னு தொண்ணூறுகள்ல அந்தப் பக்கம் ஆரம்பிச்சது அதுதான், பின்னாடி தானம் அறக்கட்டளைங்கற தொண்டு நிறுவனம் அத வேற வேற மாநிலத்துக்கெல்லாம் கொண்டு போச்சு. வெளியில இருந்து வந்தவங்க கொண்டு வந்தது நோட்டும் பேங்க் கணக்கும். எல்லாரையும் ஒரே எடத்துல உக்கார வைக்கிற வித்தை அந்தம்மா கையில ஏற்கனவே இருந்துச்சு.

இன்னொன்னு, சேமிப்புன்னதும் ஏதோ சிக்கனம் சொல்லிக் குடுத்தாங்கன்னு நெனச்சுக்கறாங்க பாரு, எரிச்சலா வருது. கூலிக்காரிக்கு யாரும் சிக்கனம் சொல்லித்தர வேண்டாம்மா. விஷயம் வட்டி. எங்க பக்கம் பத்து வட்டின்னா நூத்துக்கு மாசம் பத்து ரூபா. ஆயிரம் வாங்குனா மாசம் நூறு, பத்து மாசத்துல வட்டி மட்டுமே ஆயிரம், மொதல் அப்படியே உக்காந்துருக்கும். புள்ளைக்கு ஆஸ்பத்திரி, மழை பேஞ்சு வேலை இல்லாத ஒரு மாசம், அவ்வளவு போதும் மாட்டிக்க. தமிழ்நாட்டுல கந்துவட்டி தடைச் சட்டமே 2003லதான் வந்துச்சு. டெல்லி போட்டோ எடுத்து ரெண்டு வருஷம் கழிச்சு! அதுக்கும் பத்து வருஷத்துக்கு மேல முன்னாடியே இவங்க தங்களுக்குள்ள காச சேத்து வட்டிக்காரன் வாசலுக்குப் போறத நிறுத்தப் பாத்தாங்க.

அதனால லட்சத்துல ஒருத்தர்ங்கறத நான் பாதிதான் ஒத்துக்குவேன். பக்கத்து ஊரு, அதுக்கடுத்த ஊருன்னு போய் தெரியாத பொம்பளைங்ககிட்ட பேசி அவங்களையும் குழு சேர வச்சது லேசுப்பட்ட காரியமில்ல, எங்க அப்பத்தா பக்கத்துத் தெருவுக்குக்கூட போயிருக்காது. ஆனா கொத்துத் தலைவின்னு பாத்தா அந்தக் காலத்துல எல்லா ஊர்லயும் ஒருத்தி இருந்தா.

விருதும் அப்படி ஒன்னும் வாழ்க்கைய மாத்திரல. 2019ல பத்மஸ்ரீ வந்துச்சு, ஜனாதிபதி மாளிகை போய் வாங்கிட்டு வந்தாங்க. அதுக்கப்புறமும் தனக்கு வீடு வரலன்னு அவங்களே வாய்விட்டுச் சொல்ற நெலமைதான், 2024ல முதலமைச்சர் கலைஞர் கனவு இல்லத் திட்டத்துல வீடு கட்டித்தர உத்தரவு போட்டார். கால தொட்டுக் கும்புட்டதுக்கும் இந்த உத்தரவுக்கும் நடுவுல இருவத்தி மூணு வருஷம்.

உன் பெரியம்மா விஷயத்துக்கு வர்றேன். துட்டி வீட்டுக்கு மொத ஆளா போறாங்கன்னு ஒத்த வரியில முடிச்சுட்டியே, போய் என்ன பண்றாங்கன்னு பாத்துருக்கியா? சொந்தக்காரங்களுக்கு யாரு போன் பண்றது, வந்தவங்களுக்கு காபி எங்கருந்து வரும், பந்தல்காரருக்கு யாரு காசு குடுத்தா, அத அப்புறம் யார்கிட்ட எப்படி வாங்கறாங்க? நூறு நாள் வேலைல ஒருத்திக்கு சம்பளம் ஏறலன்னா யாரக் கூட்டிக்கிட்டு ஆபீசுக்குப் போறாங்க? அடுத்த தடவ ஊருக்குப் போறப்ப ரெண்டு நாள் கூடவே சுத்து. அவங்ககிட்ட கேள்வி கேக்காத, கேட்டா "நான் என்னத்தடி செஞ்சேன்"னுதான் வரும். கூட நின்ன நாலு பொம்பளைங்ககிட்ட கேளு, அவங்களோட எப்பல்லாம் சண்ட போட்டீங்கன்னு கேளு. அப்புறம் எழுது எனக்கு.