சுத்தியலை எடுக்கும் முன் பென்சிலை எடுங்கள்

கேள்வி: நிலவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் முதல் களப்பயணம். நுண்ணோக்கி வேலை எனக்கு நன்றாக வரும். களம் என்றால்தான் பயம். கற்களைச் சேகரித்து வந்துவிட்டு, மீதியை ஆய்வகத்தில் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: முடியாது. எங்கே எடுத்தது, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் கல்தான்.

பாறையைப் பார்த்ததும் தட்டத் தொடங்காமல், நாலடி தள்ளி நின்று வரையுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. எது எதை வெட்டிப் போகிறது என்று தெரிந்தால் போதும். ஒரு டைக் (பிளவில் பாறைக்குழம்பு புகுந்து உறைந்த, சுவர் போன்ற பாறை) அடுக்குகளைக் குறுக்கே வெட்டியிருந்தால் அடுக்குகள் முந்தியவை, டைக் பிந்தியது. ஆய்வகத்தில் கணித்த வயது இதற்கு நேர்மாறாக வந்தால், எங்கோ பிழை என்று அந்தப் படமே காட்டிக்கொடுக்கும்.

அடுத்து மாதிரி. கல்லைப் பெயர்ப்பதற்கு முன்பே, அதன் தட்டையான முகத்தில் மார்க்கரால் ஸ்ட்ரைக் கோட்டையும் (சாய்ந்த முகத்தின் மேல் போகும் கிடைக்கோடு) டிப் அம்பையும் (அந்த முகம் சரியும் திசை) போட்டு, காம்பஸ் காட்டும் கோணங்களை நோட்டில் எழுதிவிடுங்கள். பிறகு உடையுங்கள், கண்ணாடி அணிந்துகொண்டு. வெயிலும் மழையும் தின்ற மேல்தோல் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் புதிய முகம் வேண்டும். வெள்ளைக் கனிமம் குவார்ட்ஸா கால்சைட்டா என்று குழம்பினால் கத்தியால் கீறுங்கள்: கால்சைட்டில் கீறல் விழும், குவார்ட்ஸ் கத்தியையே கீறும்.

அந்த அம்பு எதற்கு என்பது, நீங்கள் விரும்பும் நுண்ணோக்கியில்தான் புரியும். 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்த கல் சீவலில், குறுக்கு போலராய்டுகளுக்கிடையே (ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரண்டு ஒளி வடிகட்டிகள்) குவார்ட்ஸ் சாம்பல் வெள்ளையாகத் தெரிய வேண்டும். மஞ்சளடித்தால் இன்னும் தேய்க்க வேண்டும் என்று பொருள். சரி, சீவல் கச்சிதமாக வந்துவிட்டது, பாறை நகர்ந்ததால் உருண்டு வால் நீண்ட ஒரு படிகமும் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நகர்வு வடக்கேயா தெற்கேயா? அம்பு இல்லாவிட்டால் அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. சீவலைத் திருப்பி வைத்தால் திசையும் மாறிவிடும்.

நோட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மழையில் கரைந்துவிடும். எண்ணைப் பையில் மட்டுமல்ல, கல்லிலும் எழுதுங்கள். மாணவனாக இருந்தபோது பைகளில் மட்டும் எழுதிவந்தேன். வண்டியில் உராய்ந்து இரண்டு எண்கள் அழிந்தன. இரண்டு நாள் உழைப்பு போனது. மறுபடி அதே மலை ஏறினேன்.