மெயின் ரோட்டு வீட்டில் டபுள் கிளாஸ் ஜன்னல் போட்டால் பஸ் சத்தம் குறையுமா?

காரைக்குடியில் மெயின் ரோட்டை ஒட்டிய பழைய வீடு, தேக்கு ஜன்னல்களைக் கழற்றிவிட்டு டபுள் கிளாஸ் வைத்த யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக் சட்டம்) ஜன்னல் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழற்றாதீர்கள். நான் ஒன்றைக் கழற்றிவிட்டு அப்பச்சியிடம் இன்றுவரை பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீடு தேவகோட்டைப் பக்கம், ராமேஸ்வரம் ரோட்டின் மேலேயே இருக்கிறது. விடிவதற்கு முன்பே ஏர் ஹாரன் ஆரம்பித்துவிடும். முன்னறையில் ஒரு பர்மா தேக்கு ஜன்னலைப் பெயர்த்துவிட்டு, டபுள் கிளாஸ் வைத்த ஸ்லைடிங் ஜன்னல் போட்டேன். பூட்டினால் ஊசி விழுந்தாலும் கேட்கும் என்றார் கடைக்காரர். மறுநாள் விடிகாலை முதல் பஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது போல் இருந்தது.

தப்பு கண்ணாடியில் இல்லை, இடுக்கில். ஸ்லைடிங் ஜன்னலின் ஓரத்தில் பிரஷ் மாதிரி ஒரு பட்டைதான் இருக்கும். இழுக்க வசதி, ஆனால் இறுக்கமாக மூடாது. போதாததற்கு மேலே பழைய வென்டிலேட்டர் திறந்தே கிடந்தது. காற்று நுழையும் வழியில் சத்தமும் நுழையும். ஒரு சுவரில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மீதி எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி, மூடிய ஜன்னலின் ஓரமாக மெதுவாகக் கொண்டு போங்கள். புகை எங்கே சாய்கிறதோ அங்கேதான் பஸ் உள்ளே வருகிறது. எனக்குக் கீழ் மூலை இரண்டிலும் சாய்ந்தது.

மற்ற இரண்டு ஜன்னல்களில் வேறு மாதிரி செய்தோம். பழைய வீட்டுச் சுவர் ஒன்றரை அடிக்கு மேல் இருக்கும் அல்லவா, அதுதான் நமக்குக் கிடைத்த வரம். வெளியே திறக்கும் மரக்கதவையும் கம்பியையும் தொடாமல், சுவரின் உள்விளிம்பில் இன்னொரு ஜன்னல். நடுவில் முக்கால் அடி வெற்றிடம். கடையில் விற்கும் டபுள் கிளாஸில் இடைவெளி பெரும்பாலும் 12 மில்லிமீட்டர்தான். அது வெயிலுக்கு நல்லது, சத்தத்துக்குப் போதாது. 100 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

உள் ஜன்னலுக்கு லேமினேட்டட் கண்ணாடி கேளுங்கள். கார் முன்கண்ணாடி மாதிரி, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள். அது அதிர்வைக் குடித்துவிடும். ஸ்லைடிங் வேண்டாம். கீல் வைத்துத் திறக்கிற கதவு, சுற்றிலும் ரப்பர் பட்டை, பூட்டினால் மேலும் கீழும் சேர்ந்து இறுக்கும் லாக். ஆள் வேலை செய்யும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஃபோம் அடித்து, மேலே பட்டி பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஃபோமில் எடையே கிடையாது. கலவை வைத்து அடைத்து, ஓரத்துக்கு சீலன்ட் போடச் சொல்லுங்கள். வென்டிலேட்டரையும் கண்ணாடி வைத்து அடைத்துவிட வேண்டும்.

செய்த பிறகு ஹாரன் எங்கோ அடுத்த ஊரில் அடிப்பது போல் ஆகிவிட்டது. ஆனால் லாரி ஏறி இறங்கும் உறுமலும், திருவிழா மைக் செட்டின் ‘டொம் டொம்’மும் அப்படியே இருக்கின்றன. இப்படித் தாழ்ந்த சுருதியில் வரும் சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், எந்த ஜன்னலிலும் அவ்வளவு எடை கிடையாது. மைக் செட்டுக்கு ஜன்னலை நம்புவதைவிட விழாக் கமிட்டியிடம் பேசுவது மேல். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விசேஷ நாட்களுக்கு மட்டும் அரசு 12 மணி வரை விலக்குத் தரலாம்.

அப்புறம் ஒன்று, முக்கியமானது. நம் வீடுகளில் நடு வளவு, அதாவது முற்றம், வானம் பார்த்துத் திறந்திருக்கிறது. முன்னறை ஜன்னலுக்கு எவ்வளவு கொட்டினாலும், வளவு வழியாக இறங்கும் சத்தம் அறைக்கதவின் அடி இடுக்கில் வந்துவிடும். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை அடிக்க மறந்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் மூடினால் சித்திரை வெயிலில் ஏசி இல்லாமல் உட்கார முடியாது, அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன், ஒரு வாரம் கட்டிலை வளவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டுக்கு மாற்றிப் பாருங்கள். முகப்பு, வளவு எல்லாம் தாண்டி வருவதற்குள் பஸ் பாதி செத்துவிடும். அப்பச்சி அப்படித்தான் அங்கே மாறினார். முன்னறை ஜன்னல் தயாரான பிறகும், “அது உன் ஜன்னல், நீயே படுத்துக்க” என்கிறார்.