கேஸ் கிட்டை மறைத்தால் பிரீமியம் மிச்சமா?

வாசகர் கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். பொள்ளாச்சி நண்பரிடம் 1,200 சிசி பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன், டிஎன் 41 பதிவு. சிஎன்ஜி கிட், பெரிய அலாய் வீல், முன்னால் எல்இடி விளக்கு எல்லாம் வெளி ஒர்க்‌ஷாப்பில் மாட்டியிருக்கிறது. அடுத்த மாதம் இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டும். "எதுக்குங்க அதையெல்லாம் சொல்லிக்கிட்டு? பிரீமியம் டபுளாயிரும். பழைய ஓனர் பேர்லயே ஓட்டிக்கலாம்" என்கிறார் ஏஜென்ட். சொல்வதா, வேண்டாமா?

பதில்: சொல்லிவிடுங்கள். டபுள் எல்லாம் ஆகாது. கணக்கைப் பாருங்கள்.

உங்கள் பாலிசியில் இரண்டு பங்கு உண்டு. உங்கள் கார் மோதி அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு ஒன்று, அதுதான் தேர்ட் பார்ட்டி. இதன் கட்டணத்தை என்ஜின் சிசியை வைத்து அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் அமலான பட்டியலில் 1,000 சிசிக்கு மேல் 1,500 வரை உள்ள கார்களுக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். அலாய் வீல் மாட்டினாலும் கழற்றினாலும் இது அசையாது. கேஸ் கிட்டுக்காக இதில் கூடுவது 60 ரூபாய். அறுபதேதான்.

உங்கள் காருக்கே ஆகும் சேதத்துக்கான பங்கு ஓன் டேமேஜ். பழைய டாரிஃப் புத்தகப்படி (எல்லா கம்பெனிக்கும் பொதுவாக இருந்த கட்டணப் பட்டியல்) கிட் விலையில் 4 சதவீதம் இதில் கூடும். 2007க்குப் பிறகு கம்பெனிகள் விலையைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்றாலும், இந்த 4 சதவீதம் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. கிட் 50,000 ரூபாய் என்று வையுங்கள். 2,000, அதோடு அந்த 60, மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 2,430 ரூபாய் சொச்சம். எல்இடி போன்ற மின்சாதனங்களுக்கும் இதே மாதிரிதான். அலாய் வீலின் விலையைக் காரின் மதிப்போடு தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லையென்றால், நாளை வீல் உடைந்தால் அந்தக் காசு வராது, அவ்வளவுதான்.

அப்படியானால் ஏஜென்ட் ஏன் மறைக்கச் சொல்கிறார்? கிட் இருக்கிறது என்று எழுதினால் கம்பெனி ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்று நகல் கேட்கும், வண்டியைக் காட்டச் சொல்லும். அவருக்கு அலைச்சல். அது தவிர, நூறு ரூபாய் குறைத்துச் சொல்கிற ஏஜென்டிடம்தான் ஜனங்கள் போகிறார்கள். கிளைம் வரும்போது அவர் போனை எடுக்க மாட்டார்.

சரி, உண்மையான சிக்கல் பிரீமியத்தில் இல்லை, ஆர்சியில் இருக்கிறது. உங்கள் ஆர்சியில் எரிபொருள் என்ற இடத்தில் வெறும் 'பெட்ரோல்' என்றிருந்தால், சட்டத்தின் கண்ணில் அந்த கிட் திருட்டுத்தனமாக மாட்டியது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி தயாரித்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னதே கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். அதே ஆண்டு வந்த திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று போட்டார்கள். கேஸ் கிட்டுக்கு வழி உண்டு. உங்கள் மாடலுக்கென்று அங்கீகாரம் பெற்ற கிட், அதை மாட்ட அனுமதி உள்ள ஒர்க்‌ஷாப், பிறகு ஆர்டிஓ ஆர்சியில் பதிவு. மூன்றும் வேண்டும்.

பதிவில்லாத கிட்டோடு கார் தீப்பிடித்தது என்று வையுங்கள். எரிந்த காரைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் வரும் சர்வேயர் முதலில் கருகிய சீட்டைப் பார்ப்பதில்லை. பானெட்டைத் தூக்கி கேஸ் நிரப்பும் வால்வைப் பார்ப்பார். டிக்கியில் சிலிண்டர் எண்ணையும் கடைசியாக எப்போது அழுத்தச் சோதனை செய்தார்கள் என்ற தேதியையும் படிப்பார். மூன்றாண்டுக்கு ஒருமுறை அது கட்டாயம். அப்புறம் எல்இடி ஒயர். ரிலே, ஃபியூஸ் எதுவும் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்து, இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு ஒன்று உருகிக் கிடக்கும். அறிக்கையில் அந்த ஒரு வரி போதும், கிளைம் போயிற்று. யாரோ பின்னால் வந்து இடித்த டென்ட் என்றால் கிட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வாதாட இடமுண்டு. பாலிசி விதி மீறல் என்பதற்காக அடியோடு மறுக்காமல் 75 சதவீதம் கொடுக்கச் சொல்லி 2010இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இருக்கிறது. ஆனால் அந்த 75 சதவீதத்துக்கு எத்தனை வருடம் நடப்பீர்கள்?

பழைய ஓனர் பெயரிலேயே ஓட்டலாம் என்ற யோசனை இதைவிட மோசம். கிளைம் கேட்காமல் இருந்ததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் நண்பருக்குச் சொந்தம், காருக்கு அல்ல. வண்டி கைமாறி 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தேர்ட் பார்ட்டி பங்கு தானாக உங்களோடு வந்துவிடும். ஓன் டேமேஜ் வராது. காருக்கு ஒன்று ஆனால் நண்பருக்கும் கிடைக்காது, உங்களுக்கும் கிடைக்காது. பிரீமியம் மட்டும் கம்பெனிக்குக் கிடைத்திருக்கும். 

ஒரு மாற்றத்துக்குப் பிரீமியம் ஏறாது, இறங்கும். அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மாற்றுத்திறனாளி ஓட்டுவதற்காகக் கையால் இயக்கும் பிரேக், ஆக்ஸிலேட்டர் வைத்து மாற்றிய காருக்குப் பழைய டாரிஃப் புத்தகத்தில் ஓன் டேமேஜில் 50 சதவீதத் தள்ளுபடி இருக்கிறது. சட்டமும் இந்த மாற்றத்தை அனுமதிக்கிறது. ஆனால் இதற்கும் ஆர்சியில் பதிவு வேண்டும். காலுக்குப் பதில் கையால் ஓட்டுகிறார் என்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் காகிதத்தில் இல்லையென்றால் தள்ளுபடி இல்லை. பிரீமியம் குறைந்தால் கமிஷனும் குறையும் என்பதாலோ என்னவோ, எந்த ஏஜென்டும் இதை வாய்திறந்து சொல்வதில்லை. உங்கள் உறவில் யாராவது இருந்தால் நீங்களே எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் வண்டி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் கேரளத்தில் ஓடுமானால் பொள்ளாச்சி ஆர்டிஓவில் என்ஓசி (ஆட்சேபமில்லை என்ற சான்று) வாங்கி, பாலக்காடு மாவட்டச் சித்தூரில் கேஎல் 70 எண்ணுக்கு மாற்ற வேண்டும். வண்டிப் பதிவுக்கு நாடு முழுக்க 'வாகன்' என்ற ஒரே கணினி என்கிறார்கள். எல்லையில் கோபாலபுரம் தாண்டியதும் அதே காருக்குப் புது எண், புது வரி, இன்னொரு முறை சோதனை. இந்த அபத்தத்தை நினைத்து எரிச்சல்பட்டுப் பயனில்லை. அந்தச் சோதனையில் பதிவில்லாத கிட் கட்டாயம் மாட்டும் என்பதால், கிட் பதிவைப் பொள்ளாச்சியிலேயே முடித்துவிட்டு என்ஓசி கேளுங்கள்.

இந்த வாரமே நண்பரிடம் கிட் பில்லும் ஒர்க்‌ஷாப் கொடுத்த பொருத்துச் சான்றும் கேளுங்கள். இருந்தால் பெயர் மாற்றத்தோடு ஆர்சியில் ஏற்றி, புது பாலிசியில் கிட், வீல், விளக்கு மூன்றையும் விலையோடு எழுதச் சொல்லுங்கள். பாலிசி கைக்கு வந்ததும் அந்த வரிகள் இருக்கின்றனவா என்று நீங்களே படித்துப் பாருங்கள். ஏஜென்ட் சொல்லை நம்ப வேண்டாம். எல்இடி ஒயரை ரிலே, ஃபியூஸ் வைத்து மாற்றுங்கள், இல்லை விளக்கையே கழற்றுங்கள். கார் கம்பெனி சொன்ன அளவைவிட டயர் பெரிதென்றால் பழைய வீலையே மாட்டிவிடுங்கள்.

சான்று இல்லை, துண்டுச் சீட்டுதான் இருக்கிறது என்றால், "முந்நூறு ரூபாய்க்கு பில் போட்டுத் தர்றேன்" என்று யாராவது வருவார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். கிட்டைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலில் ஓட்டுங்கள்.