1996 பேஸ்பால் பேட்டிங் சராசரிப் பட்டியலில் டோனி க்வின் ஏன் விடுபடுகிறார்?

பேட்டிங் பட்டத்துக்குக் குறைந்தது 502 பிளேட் அப்பியரன்ஸ் (மட்டை பிடிக்க வந்த மொத்த முறைகள்) வேண்டும் என்ற உங்கள் வடிகட்டி சரி, அதோடு நிறுத்தியதுதான் சிக்கல். 1996 தேசிய லீக்கில் க்வினுக்கு 498 பிளேட் அப்பியரன்ஸ்தான், நான்கு குறைவு. அந்த நான்கையும் ஹிட் (அடித்துத் தளம் சேர்வது) இல்லாத அட்-பேட்டாக (சராசரிக் கணக்கில் சேரும் முறையாக) கூட்டிப் பார்க்கச் சொல்கிறது விதி. 451 அட்-பேட்டில் 159 ஹிட், அதாவது 159/451 (0.353) என்பது 159/455, அதாவது 0.349 ஆகிறது. அப்போதும் அடுத்த இடத்திலிருந்த எல்லிஸ் பர்க்ஸின் 0.344-ஐத் தாண்டுகிறார், ஆகவே பட்டம் அவருக்கே. பட்டியலில் போட வேண்டியது மட்டும் பழைய 0.353.

வேறு பலரும் காணாமல் போனால், வடிகட்டி எந்தப் பத்தியில் நிற்கிறது என்று பாருங்கள். அனேகமாக அட்-பேட் பத்தியாக இருக்கும். அதில் வாக் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாக முதல் தளம் பெறுவது), சாக்ரிஃபைஸ் (தான் அவுட்டாகி சக வீரரை முன்னேற்றுவது) எல்லாம் சேராது.

502 என்பது 162 ஆட்டங்களுக்கு மட்டும். அணி ஆடிய ஆட்டங்களை 3.1-ஆல் பெருக்குங்கள், 60 ஆட்டங்களே நடந்த 2020-க்கு 186.