முதல் மெக்கானிக்கல் கீபோர்டு: கேமர்களின் கேள்விகளும் பதில்களும்

கேம் விளையாட முதல் மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். "ஒரே ஒரு மாடல் பெயர் சொல்லுங்க" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். மாடல்கள் மாசத்துக்கு மாசம் மாறுகின்றன, பார்க்க வேண்டிய விஷயங்கள் மாறுவதில்லை.

கேள்வி: ப்ரோ, இத்தனை நாளும் சாதாரண கீபோர்டில்தான் விளையாடினேன். மெக்கானிக்கலுக்கு மாறினால் கேம் நன்றாக வருமா?

ரேங்க் ஏறும் என்று நம்பி வாங்காதீர்கள். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், மவுஸ் பழசு என்றால் காசை முதலில் அந்த இரண்டில் போடுங்கள். வித்தியாசம் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

கீபோர்டு தருவது வேறு. சாதாரண மெம்ப்ரேன் கீபோர்டில் எல்லா கீகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு. கிட்டத்தட்ட அடிவரை அமுக்கினால்தான் பதிவாகும். நாளாக ஆக ரப்பர் தளர்ந்து ஒவ்வொரு கீயும் ஒவ்வொரு விதமாக இறங்கும். மெக்கானிக்கலில் கீக்கு ஒரு சுவிட்ச், சுவிட்சுக்கு ஒரு ஸ்பிரிங். வழக்கமான சுவிட்ச் மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், பாதி வழியில் 2 மில்லிமீட்டரிலேயே பதிவாகிவிடும். எல்லா கீயும் ஒரே மாதிரி இருப்பதால் விரல் பழகிக்கொள்ளும். நீங்கள் காசு கொடுப்பது அந்தப் பழக்கத்துக்குத்தான்.

கேள்வி: ரெட், பிரவுன், ப்ளூ என்று சொல்கிறார்களே, கேமுக்கு எது நல்லது?

இந்த நிறங்களை ஆரம்பித்து வைத்தது ஜெர்மனியின் செர்ரி நிறுவனம். அவர்களின் எம்எக்ஸ் சுவிட்ச் 1980களில் வந்தது. காப்புரிமை முடிந்த பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு என்று வரிசையாக எல்லாரும் அதே வடிவத்தில் செய்ய ஆரம்பித்தார்கள், நிறப் பெயர்களையும் எடுத்துக்கொண்டார்கள். அதனால் "ரெட்" என்றால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பெரும்பாலும் ஒரே ரகம்தான். ஆனால் அது சட்டம் இல்லை. விவரப் பட்டியலில் லீனியரா, டாக்டைலா, கிளிக்கியா என்று பார்த்துவிடுங்கள்.

ரெட் லீனியர். மேலிருந்து கீழ்வரை தடங்கலில்லாமல் இறங்கும். செர்ரி ரெட்டில் சுமார் 45 கிராம் அழுத்தம் போதும். பிரவுன் டாக்டைல், நடுவில் ஒரு சின்ன முட்டு தட்டுப்படும். அது ரொம்பச் சின்ன முட்டு என்பதால் "மணல் விழுந்த ரெட்" என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான்.

ப்ளூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் தடவை வாங்குகிறவர்கள் சத்தத்தில் மயங்கி அதைத்தான் எடுக்கிறார்கள். ப்ளூதான் கிளிக்கி. அதன் உள்ளே ஒரு குட்டிப் பிளாஸ்டிக் வளையம் ஏறி இறங்கித்தான் "டிக்" சத்தம் வருகிறது. அந்த அமைப்பால், கீ பதிவாகும் இடமும் விடுபடும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. பதிவான இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் மேலே வந்தால்தான் அடுத்த தட்டு எடுபடும். டைப் அடிக்கும்போது இது தெரியவே தெரியாது. ஒரே கீயைப் படபடவென்று தட்டும் கேம்களில் இரண்டு தட்டுக்கு ஒன்று விழுங்கிவிட்டது போலத் தோன்றும்.

கேம் மட்டும்தான் என்றால் லீனியர். பாதி நேரம் எழுத்து வேலையும் உண்டு என்றால் பிரவுனை விட முட்டு நன்றாகத் தெரியும் ஒரு டாக்டைல்.

கேள்வி: "ஸ்பீட் சில்வர்" இன்னும் வேகமாமே? அதையே எடுத்துவிடலாமா?

அந்த சுவிட்ச் 1.2 மில்லிமீட்டரிலேயே பதிவாகிவிடும். கீமேல் விரலை வைத்துக்கொண்டே இருக்கும் பழக்கம் இருந்தால் தெரியாமல் கீ அமுங்கி, கேமில் கையெறி குண்டு தானாகக் காலடியில் விழும். முதல் கீபோர்டுக்கு வேண்டாம்.

கேள்வி: சின்னதா பெரிசா? 60 சதவீதம் பார்க்க அழகாக இருக்கிறது.

அழகுதான், மறுக்கவில்லை. முதலில் கணக்கைப் பாருங்கள். முழு அளவு 104 கீ. வலது பக்க நம்பர் பகுதியை எடுத்துவிட்டால் டிகேஎல், 87 கீ. 60 சதவீதத்தில் 61 கீதான். அம்புக்குறிகள் கிடையாது, எஃப் வரிசையும் கிடையாது, எல்லாம் எஃப்என் கீயோடு சேர்த்து அமுக்க வேண்டும். கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. கேமுக்குள் கட்டளை தட்டும் பெட்டியான கன்சோலைத் திறக்கும் கீ இருக்க வேண்டிய மூலையில் எஸ்கேப் உட்கார்ந்திருக்கும்.

சின்ன கீபோர்டின் உண்மையான லாபம் மவுஸுக்குக் கிடைக்கும் இடம். சென்சிட்டிவிட்டியைக் குறைத்து வைத்து, கையை நீளமாக இழுத்து ஆடுகிறவர்களுக்கு நம்பர் பகுதி போனாலே பெரிய நிம்மதி. டிகேஎல் அல்லது 75 சதவீதம் போதும் என்பது என் கட்சி. 75-இல் அம்புக்குறியும் எஃப் வரிசையும் இருக்கும், நெருக்கி அடுக்கியிருப்பார்கள். விமான சிமுலேட்டர், ஏகப்பட்ட ஸ்கில் பட்டன் உள்ள எம்எம்ஓ (ஆன்லைனில் பெருங்கூட்டமாக ஆடும் கேம்) ஆடுகிறவர்கள் யார் பேச்சையும் கேட்காமல் முழு அளவே வாங்குங்கள்.

கேள்வி: ஆர்ஜிபி லைட் அவசியமா அண்ணா?

இல்லை தம்பி.

கேள்வி: காந்த சுவிட்ச், ராபிட் ட்ரிகர் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். மெக்கானிக்கலை விட்டுவிட்டு நேராக அதற்கே போய்விடலாமா?

நீங்கள் என்ன கேம் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

காந்த சுவிட்ச் கீபோர்டை ஹால் எஃபெக்ட் கீபோர்டு என்றும் சொல்வார்கள். அதில் சுவிட்சுக்குள் உலோகத் தொடர்புக்குப் பதில் ஒரு காந்தம் இருக்கிறது. அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் கீழே உள்ள சென்சார் அளந்துகொண்டே இருக்கும். அதனால் கீ எந்த ஆழத்தில் பதிவாக வேண்டும் என்று நீங்களே மென்பொருளில் வைத்துக்கொள்ளலாம். இதைக் கேமர்களிடம் பரவலாகக் கொண்டுபோனது நெதர்லாந்தின் வூட்டிங். இப்போது நிறைய கம்பெனிகள் செய்கின்றன.

ராபிட் ட்ரிகர் எங்கே உதவுகிறது என்று பாருங்கள். வாலரன்ட்டில் இடது பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள், ஏ கீ அடிவரை அமுங்கியிருக்கிறது. நின்று சுட வேண்டும். சாதாரண சுவிட்சில் கீ பாதித் தூரம் மேலே வந்தால்தான் "விட்டுவிட்டான்" என்று கணினிக்குத் தெரியும். ராபிட் ட்ரிகரில் விரலை இம்மியளவு தூக்கினாலே, அதாவது 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டரிலேயே, விட்டதாகக் கணக்கு. ஆள் முன்னாடியே நிற்பான், முதல் குண்டு நேராகப் போகும். வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக், ஓசு ஆடுகிறவர்களுக்கு இது நிஜமான பலன். கதை விளையாட்டு, கார் ரேஸ், ஸ்ட்ராடஜி ஆடுகிறவர்களுக்கு இது தேவையே இல்லை.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, இந்தப் பலகையில் சாதாரண மெக்கானிக்கல் சுவிட்ச் வேலை செய்யாது. காந்த சுவிட்சிலும் அந்தப் பலகைக்குப் பொருந்துவதுதான் போட வேண்டும். இரண்டு, இதோடு சேர்த்து வரும் "ஸ்னாப் டேப்" போன்ற வசதிகள். ஏ, டி இரண்டையும் சேர்த்து அமுக்கினால் கடைசியாக அமுக்கியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் வசதி அது. ரேசர் நிறுவனம் 2024-இல் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் தன் கேமான கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இன் அதிகாரபூர்வ சர்வர்களில் அதைத் தடை செய்துவிட்டது. பயன்படுத்தினால் ஆட்டத்திலிருந்து வெளியே தள்ளும். ராபிட் ட்ரிகருக்கு அந்தத் தடை இல்லை. கீபோர்டு வந்ததும் மென்பொருளைத் திறந்து எது ஆனில் இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: 8000 ஹெர்ட்ஸ் போலிங் ரேட் என்று விளம்பரம் செய்கிறார்களே?

1000 ஹெர்ட்ஸ் என்றால் மில்லி விநாடிக்கு ஒரு தடவை கீபோர்டு கணினிக்குச் சேதி சொல்கிறது. 8000 என்றால் 0.125 மில்லி விநாடிக்கு ஒரு தடவை. சாதாரண சுவிட்சில் உலோகத் தகடு அதிர்ந்து அடங்கவே சில மில்லி விநாடி காத்திருக்க வேண்டியிருக்கிறது, அப்புறம் இதனால் என்ன பெரிய லாபம்? 1000 இருந்தால் போதும்.

கேள்வி: வயர்லெஸ் வாங்கலாமா சார்?

2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (கணினியில் செருகும் குட்டி ரிசீவர்) இருந்தால் தாராளமாக வாங்கலாம். புளூடூத் மட்டும் உள்ளதைக் கேமுக்கு வாங்காதீர்கள், தாமதம் தெரியும். கீபோர்டு மேசையை விட்டு நகரப் போவதில்லை என்றால் வயரே மேல்.

கேள்வி: அண்ணா, ராத்திரி விளையாடினால் வீடே எழுந்துவிடுகிறது. சத்தமில்லாத மெக்கானிக்கல் உண்டா?

உண்டு. "சைலன்ட்" என்று பெயரில் வரும் சுவிட்ச்களில் தண்டு மோதும் இடத்தில் மெத்தென்று ஒரு பொருள் வைத்திருப்பார்கள். கீ அடியில் மோதும் சத்தமும் திரும்பி மேலே வந்து மோதும் சத்தமும் குறையும். கொஞ்சம் சேற்றில் கால் வைத்த மாதிரி இருக்கும், சிலருக்குப் பிடிக்காது.

வீட்டை எழுப்புவது பல நேரம் சுவிட்ச் இல்லை, ஸ்பேஸ்பார். நீளமான கீகள் ஒரு பக்கம் சாயாமல் இருக்க அடியில் ஸ்டெபிலைசர் என்று ஒரு கம்பி உண்டு. அது தளர்வாக இருந்தால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் கடகடக்கும். வாங்கும்போது ஸ்பேஸ்பாரை இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடத்தில் தட்டிப் பாருங்கள். மூன்றும் ஒரே சத்தமாக இருந்தால் நல்ல கீபோர்டு, எண்டர் கீயையும் பேக்ஸ்பேஸையும் அதே மாதிரி பாருங்கள். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் ஸ்பேஸ்பாரைக் கழற்றி, கம்பியின் இரண்டு முனையிலும் டைஎலக்ட்ரிக் கிரீஸைத் துளி தடவுங்கள். கீபோர்டுக்கு அடியில் தடிமனான மேசை விரிப்பு ஒன்றும் போட்டுவிடுங்கள் தம்பி, அதிர்வு மேசைக்கு இறங்காது.

கேள்வி: ஹாட்-ஸ்வாப் என்றால் என்ன? அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். நான் கூடுதல் காசு கொடுக்கச் சொல்லும் ஒரே வசதி இதுதான். சால்டரிங் இல்லாமல் சுவிட்சைப் பிடுங்கி வேறு சுவிட்சைச் செருகலாம். ரெட் பிடிக்கவில்லையா, சுவிட்சை மட்டும் மாற்றுங்கள். ஒரு கீ கெட்டுப்போனால் அதை மட்டும் மாற்றலாம்.

மாற்றும்போது அவசரப்படாதீர்கள். சுவிட்சின் அடியில் இரண்டு செம்பு ஊசிகள் இருக்கும், அவை நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நேர்கீழாக அமுக்குங்கள். புது சுவிட்ச் போட்டதும் கீ வேலை செய்யவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை ஊசி மடங்கிப் படுத்திருக்கும். நிமிர்த்திப் போட்டால் சரியாகிவிடும். பலகை 3 ஊசி ஏற்பதா, 5 ஊசி ஏற்பதா என்றும் பாருங்கள், இந்தக் கணக்கில் அடியில் உள்ள பிளாஸ்டிக் கால்களும் சேரும். 5 ஏற்பதில் 3-உம் போகும். 3 மட்டும் ஏற்கும் பலகையில் 5 ஊசி சுவிட்சைப் போட வேண்டும் என்றால் அதன் இரண்டு பிளாஸ்டிக் கால்களை வெட்ட வேண்டிவரும்.

கேள்வி: பழைய கீபோர்டில் மூன்று நான்கு கீ சேர்த்து அமுக்கினால் ஒன்று எடுக்கவில்லை. மெக்கானிக்கலிலும் அப்படி வருமா?

கீகள் வரிசையும் பத்தியுமாக வயரால் பின்னப்பட்டிருப்பதால் வரும் சிக்கல் அது. கீக்கு ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே பக்கம் விடும் பாகம்) வைத்தால் தீர்ந்துவிடும், இன்றைய மெக்கானிக்கல் பலகைகளில் பெரும்பாலும் இருக்கும். பெட்டியில் "என்-கீ ரோலோவர்", அதாவது எத்தனை கீ சேர்த்து அமுக்கினாலும் எல்லாம் பதிவாகும், என்று இருக்கிறதா பாருங்கள். சில பலகைகளில் 6 கீ மட்டும் எடுக்கும் நிலையில் அனுப்பியிருப்பார்கள், மாற்றும் வழி கையேட்டில் இருக்கும்.

கேள்வி: கீகேப்பில் ஏபிஎஸ், பிபிடி எது?

இரண்டும் கீகேப், அதாவது கீயின் மேல்மூடி, செய்யும் பிளாஸ்டிக் வகைகள். ஏபிஎஸ் சீக்கிரம் எண்ணெய் பூசியது போலப் பளபளக்கும், டபிள்யூ ஏ எஸ் டி நான்கும் முதலில் மாட்டும். பிபிடி சொரசொரப்பாக நீடிக்கும். ஏபிஎஸ் எடுத்தால், எழுத்தைத் தனிப் பிளாஸ்டிக்கில் வார்த்திருப்பதால் அழியாத டபுள்-ஷாட்டாக எடுங்கள். இதை வைத்து கீபோர்டைத் தள்ளிவிட வேண்டாம், கீகேப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒன்று கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கீபோர்டை இணைத்து, ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து எல்லா எழுத்தையும் மெதுவாக ஒரு தடவை, வேகமாக ஒரு தடவை தட்டுங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழுந்தால் அந்த சுவிட்சின் தொடர்பு தேய்ந்திருக்கிறது. ஹாட்-ஸ்வாப் என்றால் கவலையில்லை, சுவிட்சை மாற்றினால் போச்சு. சால்டர் செய்த பலகை என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். கேபிள் நுழையும் இடத்தை ஆட்டிப் பாருங்கள், தொடர்பு விட்டு விட்டு வருகிறதா என்று. இரண்டு மூன்று கீகேப்பைக் கழற்றி அடியில் காபி கொட்டிய கறை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். விற்கிறவர் கழற்ற விடமாட்டேன் என்றால் வேறு இடம் பாருங்கள்.