555 புத்தகத்தின் பின்பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம்.

போன மாதம் உங்கள் அப்பாவின் கால்பந்துப் பைத்தியத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் "லீக்கில் கோல் என்றால் மொக்தார் டஹாரிதான், வேறு ஆளே கிடையாது" என்று ஒரு வரி வருகிறது. மலேசிய லீக் தொடங்கியதே 1982-இல்தான். சிலாங்கூரின் முன்வரிசை ஆட்டக்காரர் மொக்தாரின் நல்ல காலம் அதற்கு முந்தியது. நீங்கள் மாநில அணிகள் மோதிய மலேசியக் கிண்ணத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முடிந்தால் திருத்திவிடுங்கள்.

நான் எழுத உட்கார்ந்தது அதற்காக மட்டும் இல்லை. என் மகனுக்குப் பதின்மூன்று வயது. பள்ளி அணியில் முன்னால் ஆடுகிறான். நாட்டின் முதல்நிலை லீக்கான சூப்பர் லீக்கில் ஒவ்வோர் ஆண்டும் அதிகக் கோல் அடித்தவர்கள் யார் என்று கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல நம்ம ஆளு ஒருத்தர்கூட இல்லையே. நமக்கு கோல் அடிக்க வராதா?" என்று கேட்டான். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ர., பட்டர்வொர்த்

*

அன்புள்ள தம்பிக்கு,

மொக்தார் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. தப்பு என்னுடையது, இல்லை, அப்பாவுடையது. அவருக்கு எல்லாமே 'லீக்'தான். கிண்ணம், லீக், நட்பு ஆட்டம் எதையும் பிரித்துப் பார்க்க மாட்டார். நானும் அவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதிவிட்டேன். 1975-இல் ஆர்சனல் இங்கே வந்து சிலாங்கூரிடம் 2-0 என்று தோற்ற ஆட்டத்தில் இரண்டு கோலும் மொக்தார் அடித்தவை. அதையும் அப்பா லீக் கணக்கில்தான் சேர்த்திருந்தார்!

உங்கள் மகன் கேட்டதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் அப்பாவின் கணக்குப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு டத்தோ கெராமாட் சாலைக்கு உள்ளே ஒரு சந்தில் இருந்தது. அங்கிருந்து பினாங்கு அணியின் திடலான லோரோங் கூலிட் சிட்டி ஸ்டேடியம் பக்கம்தான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கையில் காசிருந்தால் திடலுக்குப் போவார், இல்லாவிட்டால் வானொலி. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்பார். வர்ணனையாளர் "கோல்" என்று முதலில் கத்துவார். ஒரு மூச்சு விடுவதற்குள் ஜன்னல் வழியாகத் திடலின் நிஜச் சத்தம் வந்து சேரும். அந்த இரண்டாவது சத்தம் வந்த பிறகுதான் அப்பா பேனாவை எடுப்பார். வானொலிக்காரன் அவசரப்பட்டிருக்கலாம், திடல் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

அவர் எழுதியது 555 புத்தகத்தில். உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும். சட்டைப்பையில் அடங்குகிற சின்னப் புத்தகம், மளிகைக் கடைக் கடனுக்கானது. முன்பக்கத்திலிருந்து அம்மாவின் கணக்கு ஓடும்: அரிசி, மண்ணெண்ணெய், சார்டின் 2, மைலோ 1. பின்பக்கத்திலிருந்து அப்பாவின் கோல்கள். இரண்டும் நடுவில் சந்திக்கும்போது புதுப் புத்தகம் வாங்க வேண்டும். கடைக்காரர் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "இது யாருக்குக் கொடுக்க வேண்டிய கடன், இத்தனை கோடு?" என்று கேட்டாராம்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. பினாங்கு ஆட்டக்காரர்களுக்கு மட்டும் முழுப் பெயர் எழுதியிருப்பார். இசா பக்கார், சுக்கோர் சாலே என்று அழுத்தி அழுத்தி. எதிரணி அடித்தால் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். மொக்தாருக்கு விலக்கு. அவர் பினாங்குக்கு எதிராக அடித்தாலும் 'மொ' என்று எழுதி, பக்கத்தில் இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தையும் இருக்கும். அந்தப் புத்தகத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் மலேசியாவில் பினாங்கைத் தவிர யாருமே கோல் அடித்ததில்லை.

உங்கள் மகன் பார்த்த பட்டியலும் அப்படித்தான். அங்கே பேனா அப்பாவின் கையில் இல்லை, விதியை எழுதுகிறவர்கள் கையில் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

2011-ஐப் பாருங்கள். திரெங்கானுவுக்கு ஆடிய அப்துல் ஹாடி யாஹ்யா 20 கோல் அடித்து முதலிடம் பிடித்தார். உள்ளூர்க்காரர். அடுத்த ஆண்டிலிருந்து இன்றுவரை அந்த இடத்தில் உள்ளூர்ப் பெயர் ஒன்றுகூட இல்லை. தமிழர் மட்டுமா இல்லை? மலாய்க்காரரும் இல்லை, சீனரும் இல்லை, சபா சரவாக்கிலிருந்தும் யாரும் இல்லை. 2011-க்குப் பிறகு நாட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காலில் வாதம் வந்துவிட்டதா? 2009 முதல் 2011 வரை வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை இருந்தது. 2012-இல் கதவைத் திறந்தார்கள். சங்கதி இவ்வளவுதான்.

இத்தனை இறக்குமதி ஆட்டக்காரர் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. பணம் போடுகிறவர் அதை எங்கே போடுவார்? இடது பின்காப்புக்கா? கோல் அடிக்கிற காலுக்குத்தான் போடுவார். அதனால் 2018-இல் சிலாங்கூரின் ஸ்பெயின்காரர் ருஃபினோ செகோவியா (19 கோல்), 2019-இல் லைபீரியாவின் கேபா ஷெர்மன் (14), அப்புறம் நைஜீரியாவின் இஃபெடாயோ ஒலுசெகுன், பிரேசிலின் பெர்க்சன் என்று வரிசை போகிறது. யாரும் சும்மா வந்து நின்றவர்கள் இல்லை. பெர்க்சன் 2022-இல் ஜொகூர் டாருல் தாக்சிமுக்கு அடித்த 29 கோல்களில் சிலவற்றைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பந்து வருவதற்கு முன்பே அங்கே போய் நிற்பார். வீட்டுக்காரன் நாற்காலியில் உட்காருகிற மாதிரி.

இன்னொன்று. கோல் எண்ணிக்கையை மட்டும் பார்க்க வேண்டாம் என்று பையனுக்குச் சொல்லுங்கள். கணக்கில் கெட்டிக்காரன் என்றால் அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 2020-இல் இஃபெடாயோ முதலிடம் வந்தது வெறும் 12 கோல்களில். பார்த்தால் சொற்பம். ஆனால் பெருந்தொற்று ஆண்டு அது, ஓர் அணிக்கு 11 ஆட்டம்தான். மறு ஆண்டு 22 சுற்றுகளில் அதே ஆள் 26 அடித்தார். ஹாடி யாஹ்யாவின் 20 கோல் 26 சுற்றுகள் இருந்த ஆண்டில் வந்தவை. 12 பெரிதா 20 பெரிதா என்று கேட்டால் எந்த ஆண்டு என்று திருப்பிக் கேட்க வேண்டும். 12 வரும் ஆண்டில் ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேல். 20 வரும் ஆண்டில் ஆட்டத்துக்கு முக்கால் சொச்சம். ஆனால் எதிரே நின்ற காப்பாளர்கள் யார், மழையில் திடல் எப்படிக் கிடந்தது என்பதையெல்லாம் வகுத்தல் கணக்கில் சேர்க்க முடியாது. அப்பா சில கோல்களுக்குப் பக்கத்தில் 'மழை' என்று எழுதி வைத்திருக்கிறார். பட்டியல் போடுகிறவர்கள் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

நம்ம ஆள் எங்கே என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. அதைத் தட்டிக் கழிக்க மாட்டேன்.

நம்மவர்கள் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலும் கோல் கணக்கில் வராத இடங்களில் இருந்தார்கள். கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தை 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கூப்பிட்டது. அவர் வேலை கோலைத் தடுப்பது, அதற்குப் பட்டியல் யார் போடுகிறார்கள்? எம். சந்திரன் தற்காப்பில் நின்றவர். நம் காலத்துக்கு வந்தால் எஸ். குணாளன். ஓரத்தில் காற்றாகப் பறந்துகொண்டிருந்தவரை ஜொகூரில் பின்னால் இழுத்து வலது பின்காப்பாக்கினார்கள். அங்கேயும் அருமையாகத்தான் ஆடினார். ஆனால் கோல் வாசலுக்கும் அவருக்கும் இடையில் அரைத் திடல் தூரம் கூடிப்போயிற்று.

முன்வரிசையிலும் ஆட்கள் உண்டு. கே. ராஜகோபால் சிலாங்கூருக்கு முன்னால் ஆடியவர். பிறகு பயிற்றுநராகி 2010-இல் நாட்டுக்குத் தென்கிழக்காசிய அணிகளின் சுசுகி கிண்ணத்தை வாங்கித் தந்தார். அந்தப் போட்டியில் 5 கோல் அடித்து முதலிடம் வந்த சாஃபி சாலியை ஆட வைத்தவர் அவர்தான். வி. சுந்தரமூர்த்தி சிங்கப்பூர்க்காரர். கெடாவுக்கு ஆடிய காலத்தில் அவர் பந்தோடு திரும்புகிற திருப்பத்தை எங்கள் சந்துப் பையன்கள் காலணி இல்லாமல் செய்து பார்த்துக் கால் சுளுக்கிக்கொண்டார்கள். அவரும் ஒரு வகையில் இறக்குமதிதான், ஆனால் அப்பா அந்தச் சொல்லை அவருக்குப் பயன்படுத்தமாட்டார். "நம்ம புள்ள" என்பார். அவருக்கும் பெருக்கல் குறி போடவில்லை.

உங்கள் மகனுக்கு ஒரு பெயர்தான் சொல்ல முடியும் என்றால் தனபாலன் என்று சொல்லுங்கள். எந்தத் தனபாலன் என்று கேட்பான். இரண்டு பேர். 1960-களில் தேசிய அணியின் முன்வரிசையில் ஆடியவர் என். தனபாலன். அப்புறம் 2017 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் ஷா ஆலம் அரங்கத்தில் இந்தோனேசியாவுக்கு எதிரான அரையிறுதி ஆட்டம். கோலே இல்லாமல் முடியப் போகிற நேரத்தில் மூலையிலிருந்து வந்த பந்தை ஒருவர் தலையால் முட்டி உள்ளே போட்டார். 1-0. அவரும் என். தனபாலன். முன்னெழுத்துகூட மாறவில்லை. அன்று நான் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா இல்லை. பழைய புத்தகத்தை எடுத்து ஒரு கோடு போடலாமா என்று கை துறுதுறுத்தது. போடவில்லை, அது அவர் கையெழுத்துக்கான இடம்.

இப்போது வீட்டுக் கதை ஒன்று. என் அண்ணன் பள்ளியில் முன்னால்தான் ஆடினான். மாவட்டத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். புதுக் காலணி வாங்க அம்மா அந்த மாதம் மளிகைக் கணக்கைப் பாதியாகக் குறைத்தார். காலையில் போனவன் மத்தியானமே திரும்பிவிட்டான். அங்கிருந்த பயிற்சியாளர் பெயரைக்கூடக் கேட்கவில்லையாம். ஆளை மேலும் கீழும் பார்த்து, "நீ உயரம், பின்னாடி போ" என்றாராம். பின்னாடி போனான். இரண்டு வருடம் பின்னாடியே நின்றான். பிறகு சாயங்கால டியூஷனா பயிற்சியா என்று வந்தபோது பயிற்சியை விட்டான். அதில் அவனுக்கு இப்போது வருத்தம் ஒன்றும் இல்லை, எனக்குத்தான் இருக்கிறது. 555 புத்தகத்தில் இசா பக்காருக்குக் கீழே அண்ணன் பெயரில் இரண்டு கோடுகள் உண்டு, பள்ளி ஆட்டத்தில் அடித்தவை. மூன்றாவது கோடு இல்லை.

ஆக, தம்பி, பையனைப் பின்னாடி போகச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. எங்கள் அப்பா கேட்கவில்லை. அந்தக் காலத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னும் ஒன்று செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரியில் இந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வாருங்கள். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையைச் சுற்றிவிட்டு ஸ்டேடியத்தைக் காட்டுங்கள். 2016 பிப்ரவரி 16 இரவு பகாங்குக்கு எதிராக முகமட் ஃபைஸ் சுப்ரி ஃப்ரீ கிக் அடித்த இடம் அதுதான். பந்து ஒரு பக்கம் போவதுபோல் போய், நடுவானில் மனசு மாறிய மாதிரி மறுபக்கம் வளைந்து உள்ளே விழுந்தது. கோல்காவலர் ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். அதற்கு, ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஸ்காஸ் விருது கிடைத்தது. சூரிக் மேடையில் ரொனால்டோ, பிரேசில்காரர், கையில் விருதைக் கொடுத்த பிறகு பேச்சைக் கைப்பேசியில் தேடித் தேடித் தடுமாறினார் ஃபைஸ். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு வியர்த்தது. அந்த ஆண்டுக் கோல் பட்டியலில் முதலிடம் அர்ஜென்டினாக்காரர் ஜோர்ஜ் பெரேரா டியாஸுக்கு. அவர் அடித்ததில் ஒரு கோலையாவது நம் ஊரில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? ஃபைஸின் அந்த ஒரு கோலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாசி கண்டார் கடையில் குழம்பு ஆறிப்போகும்.

சந்தையில் பழைய காலணிகள் விற்பார்கள். பையனின் கால் அளவு என்ன என்று எழுதுங்கள், நானும் கண் வைத்திருக்கிறேன்.

மொக்தார் வரியை 'மலேசியக் கிண்ணத்தில்' என்று திருத்திவிட்டேன். நாட்டுக்காக 142 ஆட்டங்களில் அடித்த 89 கோல்களையும், 1991-இல் 37 வயதிலேயே அவர் போய்ச் சேர்ந்ததையும் அடுத்த பத்தியில் சேர்த்திருக்கிறேன். அப்பா இருந்திருந்தால் திருத்தத்தை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

அன்புடன்,
அக்கா