வாசகர் கேள்வி பதில்: பெல்கிரேடின் ஜோரான் ஜிவ்கோவிச்

கேள்வி: போன இதழில், நூலகங்களைப் பற்றிய கதைகளைக் குறிப்பிடும்போது ஜோரான் ஜிவ்கோவிச் என்ற செர்பிய எழுத்தாளரின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அவர் நாவலாசிரியரா, பதிப்பாளரா? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன். (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இரண்டும்தான். முதலில் பதிப்பாளர், நாவலாசிரியர் அப்புறம். அந்த வரிசைதான் அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம்.

1948இல் செர்பியத் தலைநகரான பெல்கிரேடில் பிறந்தவர். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே இலக்கியம் படித்து 1973இல் பட்டம் வாங்கினார், 1982இல் முனைவர் ஆனார். ஆய்வுப் பொருள் அறிவியல் புனைகதை. பறக்கும் தட்டும் வேற்றுக்கிரகவாசியும் வரும் கதைகளைப் பேராசிரியர்கள் பலர் இலக்கியமாகவே ஏற்காத காலம் அது, அந்த நேரத்தில் இதைத்தான் ஆராய்வேன் என்று போய் உட்காருவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அதே 1982இல் பொலாரிஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். இருநூறுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் அதில் வந்தன. எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை அவரே மொழிபெயர்த்தார். 1984இல் பெல்கிரேடு தொலைக்காட்சிக்காக அறிவியல் புனைகதைத் திரைப்படங்கள் பற்றி ஒரு தொடரை எழுதி வழங்கினார். 1990இல் அறிவியல் புனைகதைக் கலைக்களஞ்சியம் ஒன்றை இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். இத்தனைக்கும் பிறகு, 1993இல்தான் முதல் நாவல், "நான்காவது வட்டம்". அந்த வருடம்தான் அவருக்கு நாற்பத்தைந்து வயது ஆனது. அடுத்த வருடமே அதற்கு மிலோஷ் ட்ஸ்ர்ன்யான்ஸ்கி விருது என்ற செர்பிய இலக்கிய விருது கிடைத்தது.

நாற்பது தாண்டிவிட்டதே, இனி எழுதி என்ன ஆகப்போகிறது என்று அடிக்கடி கடிதம் போடுகிறவர்கள் இந்தப் பத்தியைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள்.

கேள்வி: கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கை செர்பிய மொழிக்குக் கொண்டுபோனவர் இவர்தானா? (வாசகர், கொழும்பு)

பதில்: ஆமாம், அதில் பெரும் பங்கு இவருடையது. ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளரான கிளார்க் 1956இல் இலங்கையில் குடியேறி 2008இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தவர். வேற்றுலக உயிர்களை மனிதர் முதன்முதலாகச் சந்திக்கும் தருணம் கிளார்க்கின் கதைகளில் எப்படி வருகிறது என்பதுதான் ஜிவ்கோவிச்சின் முதுகலை ஆய்வு. அப்புறம் அவரை மொழிபெயர்த்தார், பொலாரிஸில் வெளியிட்டார். கிளார்க்கின் வேற்றுலகவாசிகள் வேற்றுலகவாசிகளாக இல்லை, வேஷம் போட்ட மனிதர்களாகவே இருக்கிறார்கள் என்ற கேள்வியையும் அந்த ஆய்வில் விடாமல் எழுப்பினார். பிடித்த எழுத்தாளரை இப்படிக் கூர்மையாகப் படிக்கிற ஒருவர் பதிப்பாளராகவும் அமைந்தது யுகோஸ்லாவிய வாசகர்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்பேன் (செர்பியா அப்போது யுகோஸ்லாவியாவின் ஒரு பகுதி). முதல் நாவலிலும் கிளார்க்கின் நிழல் உண்டு. காட்டுக்குள் ஒரு பௌத்தக் கோயில், அதில் ஸ்ரீ என்ற கணினி நிபுணர், அவர் உருவாக்கிய ராமா என்ற நிரல் என்று கதை போகும். ஆர்க்கிமிடீஸ், நிகோலா டெஸ்லா, ஷெர்லாக் ஹோம்ஸ் எல்லாரும் வந்து சேர்வார்கள்.

கேள்வி: தொண்ணூறுகளில் அங்கே போர், பொருளாதாரத் தடை எல்லாம் இருந்ததே? அந்த நிலையில் யார் புத்தகம் போட்டார்கள், யார் வாங்கினார்கள்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நல்ல கேள்வி. 1992 மே மாதம் ஐ.நா. தடை விதித்தது. 1993இல் பணவீக்கம் எந்த அளவுக்குப் போனது என்றால், அந்த நாட்டு அரசு ஐம்பதாயிரம் கோடி டினார் என்று ஒரே நோட்டை அச்சடித்தது, ஐந்துக்குப் பின்னால் பதினொரு பூஜ்யம். அந்த நோட்டில் இருந்த முகம் யாருடையது தெரியுமா? யோவான் யோவானோவிச் ஸ்மாய் என்ற கவிஞருடையது, குழந்தைகளுக்காகப் பாட்டெழுதிய மனிதர். 1994 ஜனவரியில் ஒரே மாத விலையேற்றம் முப்பது கோடி சதவீதத்தைத் தாண்டியது. காலையில் போட்ட விலை சாயங்காலம் செல்லாது. இப்படிப்பட்ட நாட்டில் ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் என்ன விலை என்று அச்சடிப்பது?

"நான்காவது வட்டம்" வந்தது சரியாக அந்த 1993இல். 1999 மார்ச் 24 முதல் ஜூன் 10 வரை நேட்டோ குண்டு போட்டது, அந்த வருடமும் ஒரு நூல் வெளிவந்தது, பெயரே "புத்தகம்". 1997 தொடங்கிப் பத்து வருடம் பார்த்தால் அநேகமாக ஆண்டுதோறும் ஒன்று வந்துகொண்டே இருந்தது, சில வருடங்களில் இரண்டு. ஆனால் அந்தக் கதைகளில் போர் நேரடியாக வருவது மிகக் குறைவு. பெரும்பாலும் ஊருக்குப் பெயர் இருக்காது, பல கதைகளில் ஆளுக்கும் பெயர் இருக்காது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெருவில் நடப்பதை எழுத அங்கே நிறையப் பேர் இருந்தார்கள், தனியாக ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு அசாத்தியமான ஒன்று நடந்தால் அவன் என்ன செய்வான் என்று எழுத இவர் இருந்தார். இரண்டும் வேண்டும்தானே!

கேள்வி: செர்பியாவின் பிரதமராக இருந்த ஜோரான் ஜிவ்கோவிச் இவரா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இல்லை, வேறு ஆள். அப்போதைய பிரதமர் ஜோரான் ஜிஞ்ஜிச் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு 2003 மார்ச்சில் பிரதமரானவருக்கும் இதே பெயர். எழுத்தாளருக்கு உலக மிகைபுனைவு விருது (World Fantasy Award) கிடைத்ததும் அதே 2003இல் என்பதால் குழப்பம் கூடிவிட்டது.

கேள்வி: எங்கே ஆரம்பிப்பது? ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள். (வாசகி, மதுரை)

பதில்: "நூலகம்". யோசிக்கவே வேண்டாம். 2002இல் வந்தது, ஆறு கதைகள் கோத்த சிறிய நூல். அதே வருடம் அமெரிக்காவில் ஜெஃப் வாண்டர்மீர் என்ற எழுத்தாளர் இன்னொருவருடன் இணைந்து தொகுத்த ஒரு தொகைநூலில் ஆங்கிலத்தில் வந்து, அடுத்த வருடம் சிறந்த குறுநாவலுக்கான அந்த உலக விருதை வாங்கியது.

முதல் கதையில் ஒரு எழுத்தாளர் இணையத்தில் தன் புத்தகங்களைப் பார்க்கிறார், அவர் இன்னும் எழுதாதவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இன்னொன்றில் ஒருவரின் தபால் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் உலக இலக்கியத் தொகுதி ஒன்று வந்து நிற்கிறது, அவரும் சளைக்காமல் வீட்டுக்குள் கொண்டுபோய் அடுக்குகிறார், கடைசியில் வீட்டில் அவருக்கே இடமில்லை. நரகத்தில் தண்டனையாகப் படிக்கச் சொல்லும் கதையும் உண்டு. கடைசிக் கதையில் தோல் அட்டைகளுக்கு நடுவே மலிவான காகித அட்டைப் புத்தகம் ஒன்று புகுந்துவிடும், எப்படித் தூக்கி எறிந்தாலும் திரும்பி வரும், பொறுக்க முடியாமல் அந்த மனிதர் அதைத் தின்றே தீர்ப்பார். எழுபது நூல்களை மொழிபெயர்த்து, இருநூறு நூல்களை அச்சுக்கு அனுப்பிய ஒருவர்தான் புத்தகத்தின் எடையையும் அது அடைக்கிற இடத்தையும் இவ்வளவு தெரிந்து எழுத முடியும். நடை மிக எளிமை. ஆங்கிலத்தில் ஆலிஸ் காப்பிள் தோஷிச் மொழிபெயர்ப்பில் படியுங்கள், அகராதி தேவைப்படாது.

அது பிடித்தால் அடுத்து "கடைசிப் புத்தகம்", 2007. பாப்பிரஸ் என்ற புத்தகக் கடையில் வாடிக்கையாளர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காரணம் தெரியாமல் செத்துப்போகிறார்கள், இலக்கியம் படித்த ஒரு போலீஸ் அதிகாரி விசாரிக்க வருகிறார். முடிவு எல்லாருக்கும் ஒத்துவராது. எனக்கு ஒத்துவந்தது.

கேள்வி: சொந்தமாகப் பதிப்பகம் வைத்திருப்பவர் தன் நூலையே அதில் போட்டுக்கொள்வது சரியா? ஜிவ்கோவிச் அப்படிச் செய்தாரா? (வாசகர், ஈரோடு)

பதில்: செய்தார். தன் கதைகளின் ஆங்கிலப் பதிப்புகளைக்கூட பெல்கிரேடிலிருந்து பொலாரிஸ் பெயரில் அச்சிட்டார். செர்பிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் நூல்கள் குறைவு, யாராவது தேடி வருவார்கள் என்று காத்திருந்தால் ஆயுள் முடிந்துவிடும். பிறகு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜப்பானிலும் பதிப்பாளர்கள் முன்வந்தார்கள். அவர் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை, ஏனென்றால் தன் முதல் நாவலுக்கு முன்னால் பதினோரு வருடம் அடுத்தவர்களுடைய புத்தகங்களைப் போட்டிருக்கிறார். நீங்கள் பதிப்பகம் தொடங்கும் யோசனையில் இருக்கிறீர்கள் என்று கடிதத்தைப் பார்த்தால் தெரிகிறது. தொடங்குங்கள், ஆனால் முதல் புத்தகம் உங்களுடையதாக இருக்க வேண்டாம்.